இரு

சாமான் அறையில் மூன்று சேடில்கள் கிடக்கின்றன.
முதலாவது சைக்கிளோடு வந்தது.
கருக்கரிவாள் மாதிரி மெலிசு.
டின் ஃபேக்டரி மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள்
எனக்கும் அதற்கும் பேச்சு நின்றுபோனது.
இரண்டாவது அகலம்.
"உங்க உடம்புக்கு இதுதான் சரி" என்றான் விற்றவன்,
என் உடம்பைப் பார்க்காமல்
மின்விசிறியைப் பார்த்து.
தலையணையாய் அமுங்கியது.
அமுங்கியது வேறெங்கோ பிதுங்கி எழுந்து
தொடையின் உள்பக்கத்தை அறுத்தது.
பத்து நாள் தேங்காய் எண்ணெய், அகட்டிய நடை,
அலுவலகத்தில் "காலில் சுளுக்கா?"
மூன்றாவது, அதன் மேல் போட்ட ஜெல் உறை.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நூற்று நான்கு கிலோ.
சொல்லிவிட்டேன். இனி கவிதைக்கு மூச்சு வாங்காது.

ஐந்நூறு டி பஸ்ஸில்
ஜன்னலோரக்காரி விடும் பெருமூச்சு எனக்குத் தெரியும்.
சினிமா நாற்காலியின் கைப்பிடிகள்
இடைவேளையில் இடுப்பில் விட்டுப்போகும் கோடுகளும்.
உட்காருமுன் எதையும் ஒருமுறை
கையால் அழுத்திப் பார்ப்பேன்,
மாம்பழம் வாங்குகிறவளைப் போல.

அல்சூர் மார்க்கெட் பின்சந்தில் முனிராஜுவின் கடை.
எடை என்ன என்று அவன் கேட்கவில்லை.
"எலும்பு எவ்ளோ அகலம் மேடம்?"
நாற்பத்தோரு வயதில் முதன்முறையாக
ஒருவன் என் எலும்பை விசாரிக்கிறான்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் கிழித்து
மர ஸ்டூலின் மேல் போட்டான்.
"கூத்கொள்ளி. காலைத் தூக்குங்க.
ஸ்டூலைக் கையால மேல இழுங்க, ஜோரா."
சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு
யாருடைய செயினுக்கோ எண்ணெய் விட்டான்.

எழுந்தேன்.
டியூப்லைட்டை அணைத்து
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான்.
அட்டையில் இரண்டு பள்ளம்.
ஐந்து ரூபாய் நாணயம் அளவு, ஒவ்வொன்றும்.
அவ்வளவுதான்.
நூற்று நான்கு கிலோவும் கடைசியில்
உட்காருவது இந்தப் பத்து ரூபாயின் மேல்.

பதின்மூன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர்.
பென்சிலால் எழுதி, கன்னடத்தில் என் பெயர்:
அடைக்கலமேரி.
சுவரோரம் அட்டைகளின் அடுக்கில் ஒன்றை உருவிக் காட்டினான்.
நேற்று வந்த பையன், தீக்குச்சி,
மாரத்தான் ஓடுகிறவன்.
பதினான்கு புள்ளி ஒன்று.
நான் சிரித்ததில் ஸ்டூல் ஆடியது.

இரு என்றால் உட்கார். இரு என்றால் பொறு.
உயிரோடிரு என்பதும் அதுதான்.
இரு என்றால் இரண்டு.
பழைய பாட்டுகளில் இரு என்றால் பெரிய.
பள்ளியில் இலக்கண வகுப்பில்
பெஞ்சின் நுனியில் தொங்கிக்கொண்டு
பாதிதான் கேட்டேன்.

அவன் எடுத்துத் தந்தது கெட்டியானது.
நடுவில் பிளவு, பஞ்சு பேருக்கு.
முதலில் காட்டியதன் அடியில் பொடி எழுத்தில்
"நூறு கிலோ வரை" என்றிருந்ததை
நான் படிப்பதற்குள் கவிழ்த்து வைத்தான்,
தானே அச்சடித்தவனைப் போல.
"கார்பன் பேடா. ஸ்டீல் கம்பி. இது தாங்கும்."
மூக்கின் மேல் ரசமட்டம் வைத்து
குமிழி நடுவுக்கு வரும்வரை
திருகினான், தளர்த்தினான், திருகினான்.
விலை கேட்டபோது மட்டும்
எனக்கு எல்லா இடத்திலும் வலித்தது.

ஞாயிறு, ஐந்தே கால்.
பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரிகளின் புழுதி.
முதல் பத்து கிலோமீட்டர்
கல்லில் உட்கார்ந்த மாதிரி. திட்டினேன்
முனிராஜுவை, தீக்குச்சியை, என் பத்து ரூபாயை.
கே.ஆர்.புரம் தாண்டி எங்கேயோ
திட்டுவது நின்றது. எப்போது என்று தெரியாது.
ஹொஸ்கோட்டே ஏரிக்கரையில் நிறுத்தி
தட்டு இட்லிக்குக் கையை நீட்டும்போதுதான்
நினைவு வந்தது:
இவ்வளவு நேரமும் நான்
எதன்மேலோ உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் வலது மணிக்கட்டு வலிக்கிறது.
நாளை அவன் அதற்கும் ஓர் அட்டை கிழிப்பான்.